பாயில் முன்னுக்கு வந்து இருங்கோ: யாழ்ப்பாணத்துச் சிறிய இசை விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இசை நிகழ்ச்சி என்றதும் பலருக்கு இரண்டு காட்சிகள்தான் மனதில் வரும். ஒன்று, திறந்தவெளியில் சனம் திரண்டு நிற்க, கடல் தாண்டி வந்த சினிமாப் பாடகர் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் பெரிய இரவு. மற்றது, மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை எல்லாம் முடிந்த பிறகு தொடங்கும் கச்சேரி. இரண்டிலும் சேராத ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வீட்டு வளவு, ஒரு மாமரம், நாலு லைட், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, நூறு பேர் அளவில் ஒரு கூட்டம். பாடுகிறவர்கள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்ட பாட்டுகளோடு வருவார்கள். சுயாதீன இசை என்று சொல்கிறோமே, அதுதான். பாட்டு முடிந்து பத்து நிமிஷத்தில் அதே பாடகி உங்களுக்குப் பக்கத்தில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பார்.

இப்படியான விழாவுக்கு நண்பர்களோடு முதல்தடவை போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் அனேகமாக ஒரே மாதிரியானவை. அதனால் போவது முதல் திரும்புவது வரை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விழா அறிவித்தல் வந்தவுடன் பாடப்போகிறவர்களின் பெயர்களைப் பார்த்து, ஆளுக்கு ஒரு பாட்டாவது யூடியூபில் கேட்டுவிட்டுப் போங்கள். தெரியாத பாட்டை முதல்தடவை கேட்கும்போது காதுக்குப் பிடிமானம் இருக்காது. ஒருமுறை கேட்டிருந்தாலே போதும், அன்றைக்கு மேடையில் அந்தப் பல்லவி வரும்போது தெரிந்த ஆளை வழியில் கண்டது போல இருக்கும். நண்பர்கள் ஐந்து பேர் என்றால் ஆளுக்கொரு பாடகரைப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தான் கேட்டதில் பிடித்த ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். விழா அந்தக் குழுவிலேயே ஒரு கிழமைக்கு முன் தொடங்கிவிடும்.

என்னென்ன வகை இருக்கும் என்று கேட்டால், கிற்றாரோடு தனியாகப் பாடுகிறவர்கள் இருப்பார்கள். தமிழில் சொல்லிசை (ராப்) செய்யும் பெடியள் இருப்பார்கள். மிருதங்கமோ வயலினோ முறைப்படி படித்துவிட்டு அதைக் கீபோர்டோடும் டிரம்ஸோடும் சேர்த்துப் பார்க்கிறவர்களும் இருப்பார்கள். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் (இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம்) இருப்பதால் சங்கீதம் படித்த பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. சில விழாக்களில் நாட்டுக்கூத்துப் பாட்டும் வரும். வந்தால் தவறவிடாதீர்கள். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசி ஆள் வரைக்கும் கேட்கப் பாடிய தொண்டை மரபு அது.

இதெல்லாம் நேற்று முளைத்தது என்று நினைக்கவேண்டாம். கிற்றாரும் துள்ளலான பைலாத் தாளமுமாகத் தமிழ்ப் பொப் இசையை நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பாடி இலங்கை முழுக்கக் கேட்கவைத்தது அரை நூற்றாண்டுக்கு முந்திய கதை. நாடகமும் இசையும் வளர்த்த யாழ்ப்பாணத்துக் கலை அமைப்பான திருமறைக் கலாமன்றம் 1965இல் தொடங்கியது. போர் முடிந்த பிறகு, 2011இல் முதல்தடவையாக யாழ்ப்பாண இசை விழா நடந்தபோது, நம்முடைய கூத்துக் கலைஞர்களும் தெற்கிலிருந்து வந்தவர்களும் வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே விழாவில் பாடினார்கள். இப்போதைய சிறு விழாக்களுக்குப் பின்னால் இந்த நீளமான பாதை இருக்கிறது.

எந்த மாதம், எப்படி வருவது

விழா நாளை நீங்கள் தீர்மானிக்கப்போவதில்லை. ஆனாலும் மாதத்தைப் பார்த்து ஆயத்தமாகலாம். ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை மாரி. அந்த நேரத்தில் திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் மழைக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று கேட்டுவிட்டுப் பயணத்தைப் போடுங்கள். தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான் சுகமான காலம், இரவில் மெல்லிய குளிர்கூட இருக்கும். சித்திரையில் வெயில் தலைக்கு மேலே நிற்கும். பொழுதுபட்ட பிறகும் நிலம் சூடாகத்தான் இருக்கும். ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். வெளிநாட்டிலிருந்து சனம் வந்து ஊர் நிரம்பிவிடும், தங்க இடம் கிடைப்பது கடினம்.

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் என் பரிந்துரை. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணத்துக்குள் வந்தது. அந்தப் பாதையில் நண்பர்களோடு வருவதே ஒரு கொண்டாட்டம்தான். வார இறுதி இருக்கைகள் கெதியாக முடிந்துவிடும், முன்பதிவு திறந்த அன்றைக்கே பதிந்துவிடுங்கள். ரயில் நேரம் அடிக்கடி மாறும், கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பஸ்ஸில் வந்தால் விடியற்காலையில் வந்து இறங்கலாம். ஆனால் அன்று பகல் கட்டாயம் இரண்டு மணித்தியாலம் படுத்து எழும்புங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது பாட்டில் கண் சொக்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023இல் தொடங்கியது.

தங்குவதற்கு நல்லூர், கந்தர்மடம் பக்கம் பார்த்தால் பெரும்பாலும் எல்லா இடத்துக்கும் சைக்கிளிலேயே போய்விடலாம். யாராவது நண்பர் வீட்டில் தங்குவதென்றால் ஒன்று மட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டுக்காரருக்கு முதலே சொல்லிவிடுங்கள். அவர்கள் படலையைப் பூட்டாமல், நாயைக் கட்டிவிட்டு, படுக்காமல் முழித்திருப்பார்கள். "பரவாயில்லைத் தம்பி, ஆறுதலாக வாங்கோ" என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் விழித்தே இருப்பார்கள்.

பையில் என்ன இருக்கவேண்டும்

தண்ணீர்ப் போத்தல். இதை முதலாவதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். ஒரு ஒழுங்கையில் நல்ல தண்ணீர், அடுத்த ஒழுங்கையில் சவர். பழக்கமில்லாத வயிற்றோடு கண்ட இடத்தில் குடிக்கவேண்டாம், தங்கும் இடத்திலிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள்.

நுளம்புக்குப் பூசுகிற கிறீம். மாமரத்தடி என்று மகிழ்ச்சியாகப் போய் உட்கார்ந்தால் நுளம்பும் அங்கேதான் இருக்கும். மாரி முடிந்த கையோடு டெங்கும் பரவும், அதனால் விளையாட்டாக எடுக்கவேண்டாம். ஒரு சிறிய ரோச் லைட்: ஒழுங்கைகளில் தெருவிளக்கு எல்லா இடமும் இல்லை, வேலியோரம் பாம்பு கிடக்கலாம், தெருநாய்களும் இருக்கும். பருத்திச் சேர்ட் அல்லது சட்டை; தரையில் சம்மணம் போட்டு மூன்று மணித்தியாலம் இருக்க வசதியான உடுப்பு. கழற்றி மாட்ட லேசான செருப்பு. சின்னத் தாளாகக் காசு, 100, 500 ரூபாவில். கியூஆர் ஒட்டி வைத்திருப்பார்கள்தான், ஆனால் நூறு பேர் ஒரே வளவில் நின்று வீடியோ அனுப்பும்போது சிக்னல் நம்பிக்கை இல்லை.

மதுவைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த விழாக்கள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் முற்றத்தில் நடப்பவை. அம்மம்மா திண்ணையில் இருப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடித்திரிவார்கள். குடித்துவிட்டுப் போகவேண்டாம், கொண்டும் போகவேண்டாம். ஒரு ஆள் தள்ளாடினால் அடுத்த வருஷம் அந்த வளவு கிடைக்காது.

நேரத்துக்கு அல்ல, நேரத்துக்கு முன்பே போங்கள்

அறிவித்தலில் பின்னேரம் ஐந்தரை என்று இருக்கும். "ஏழு மணிக்குத்தான் தொடங்குவாங்கள் மச்சான்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் பேச்சைக் கேட்கவேண்டாம். ஐந்து மணிக்கே போய்விடுங்கள். இரண்டு காரணம்.

ஒன்று, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்துத்தான் நடத்துகிறார்கள், வழமையாக இரவு பத்து மணியோடு சத்தத்தை நிறுத்தவேண்டும். பிந்தித் தொடங்கினால் பின்னுக்கு நீட்ட முடியாது. கடைசியில் வருகிறவரின் பாட்டுத்தான் வெட்டுப்படும். பார்வையாளர் நேரத்துக்கு வந்தால் நிகழ்ச்சியும் நேரத்துக்குத் தொடங்கும்.

மற்றது, ஒலிச் சரிபார்ப்பு. எனக்கு விழாவிலேயே மிகப் பிடித்த நேரம் அதுதான். வெயில் சாய்ந்து மாமரத்தின் நிழல் மேடையைத் தொடும் நேரம். ஒருவர் கிற்றாரின் தந்தியை ஒவ்வொன்றாக மீட்டி, ஆணியை ஒரு சொட்டுத் திருப்பி, மறுபடி மீட்டுவார். கடற்காற்றில் தந்தி இளகும், இறுகும், ஒரு இடத்தில் நிற்காது. ஒலிப்பலகையில் இருக்கிற பெடியன் கையைத் தூக்கி "அண்ணை, குரல் மட்டும் ஒருக்கா" என்பான். அவர் தன் பாட்டின் முதல் வரியை இசையே இல்லாமல், யாருக்கும் இல்லாமல், மெல்லப் பாடுவார். ஸ்பீக்கர் கீச்சிடும், எல்லோரும் காதைப் பொத்துவார்கள், மறுபடி தொடங்கும். அந்த வரியை இரவில் முழுப்பாட்டாகக் கேட்கும்போது நீங்கள் அதை அது பிறந்த மாதிரியே கேட்டிருப்பீர்கள். அதோடு, அந்த நேரத்தில் கதிரை இறக்க, வயர் மேல் பாய் விரிக்க, லைட் கட்ட ஆள் போதாமல்தான் இருக்கும். "அண்ணை, ஏதும் பிடிக்கோணுமோ?" என்று கேட்டுப் பாருங்கள். அன்று இரவு அந்த வளவில் நீங்கள் விருந்தாளி அல்ல, வீட்டு ஆள்.

எங்கே உட்காருவது

இந்தக் கட்டுரையை நான் எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

நம்முடைய ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. வந்தவுடன் எல்லோரும் பின்னுக்குப் போவார்கள். மதிலோரம், படலையடி, சைக்கிள் நிறுத்திய இடம். முன்வரிசை யாரோ பெரிய ஆட்களுக்கு என்று பள்ளிக்கூட விழாக்களிலிருந்து பழகிவிட்டோம். அங்கே வெள்ளைத் துணி போட்ட சோபா இருக்கும். இந்த விழாவில் சோபா இல்லை, பாய்தான் விரித்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பாயில் யாரும் இருப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வளவில் இப்படி நடந்தது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை, தன் சொந்தப் பாட்டோடு முதல்முறை மேடை ஏறியிருந்தார். முன்னால் மூன்று பாய் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் எட்டுப் பேரும் மதிலோரம் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் கண்ணில் அடித்தால் மேடையில் நிற்பவருக்குத் தூரத்து முகங்கள் தெரியாது, இருட்டிலிருந்து வரும் கதைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இரண்டாவது சரணத்தில் அவருக்கு வரி மறந்துபோனது. நின்றார். ஒலிப்பலகைப் பெடியனைப் பார்த்தார். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நாங்கள் மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் முதல் பாயில் இருந்தோம். அவர் குனிந்து எங்களைப் பார்த்தார். ஒரு மூச்சு எடுத்து, மறந்த வரியை விட்டுவிட்டுப் பல்லவிக்குப் போனார். குரல் வேறாக இருந்தது. பிறகு பின்னுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, நாலாவது பாட்டில் பாயில் இடமில்லை. அவர் இன்றைக்கும் பாடுகிறார்.

அதனால் சொல்கிறேன், முன்னுக்கு வந்து இருங்கோ. இது நமக்குப் புதிதும் இல்லை. கோயில் வீதி மணலில், தவிலுக்கு முன்னால் சம்மணம் போட்டு, விடிய விடியத் தாளம் போட்டுக் கேட்ட ஊர் இது. தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட பெரியவர்களிடம் கதைத்துப் பாருங்கள். அவர் விரலைப் பார்த்ததைச் சொல்வார்கள். விரலைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் மட்டும் இருக்கவேண்டாம், காது அடைத்துவிடும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இருங்கள். சத்தம் சீராக வேண்டுமென்றால் ஒலிப்பலகைக்குச் சற்று முன்னால் உள்ள இடம்தான் நல்லது. அங்கே இருக்கிறவரின் காதுக்கு ஏற்றபடிதானே எல்லாம் சரிசெய்யப்படுகிறது. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் பக்கவாட்டில் இருங்கள். முழங்கால் நோகிற அப்பா, அம்மாவை அழைத்துவந்தால் ஓரத்தில் இரண்டு கதிரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருவார்கள்.

கேட்கும்போது

"சினிமாப் பாட்டு ஒண்டு பாடுங்கோ!" என்று கத்தவேண்டாம். சினிமாப் பாட்டு எனக்கும் பிடிக்கும், அதற்கு வேறு இரவுகள் இருக்கின்றன. தன் சொந்தச் சொல்லை ஒருவர் கூச்சத்தோடு எடுத்து நீட்டும்போது, வேறொருவருடையதைக் கேட்பது அவரைக் காயப்படுத்தும்.

கைதட்டுவது நல்லது. ஆனால் மெதுவான பாட்டுக்கு நடுவில் தட்டத் தொடங்கினால் நூறு கையும் நூறு காலத்தில் விழும், தாளக்காரர் தடுமாறுவார். அவர் தட்டச் சொன்னால் தட்டுங்கள், இல்லாவிட்டால் தொடையில் மெல்லப் போடுங்கள். படம் பிடிப்பதானால் ஒரு பாட்டு, அதுவும் பிளாஷ் இல்லாமல். வெளியிடாத பாட்டாக இருக்கலாம், வலைத்தளங்களில் போடுவதற்கு முன் பாடியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிடிக்காத பாட்டும் வரும். எழும்பிப் போவதென்றால் இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் போங்கள். நண்பர்களோடு கதைக்க வேண்டிய கதையெல்லாம் சாப்பாட்டுப் பக்கம்.

சாப்பாட்டுப் பக்கம்

பெரும்பாலும் யாராவது ஒரு அக்கா வீட்டிலிருந்து செய்துகொண்டுவந்து விற்பார். ரோல்ஸ், வடை, சுண்டல், இஞ்சி போட்ட பிளேன்ரீ. ஒரு கச்சான் கடலைக்காரரும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார். கச்சான் கோதைப் பாய்க்கு மேல் போடவேண்டாம்.

அதிர்ஷ்டம் இருந்தால் ஒடியல் கூழ் இருக்கும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவைக் கரைத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சுவது. பனை ஓலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றித் தருவார்கள். ஓலை வாசம் முதலில் வரும், பிறகு புளி, பிறகு உறைப்பு கண்ணில் தண்ணீர் வரவைக்கும். தனியாகக் குடிக்கிற சாமான் இல்லை இது; பானையைச் சுற்றி வட்டமாக நின்று, "எனக்கு நண்டுக்கால் வந்திருக்கு" என்று காட்டிக் காட்டிக் குடிக்கிறது. சைவக்காரர்கள் முதலே "சைவமோ, மச்சமோ?" என்று கேட்டுவிடுங்கள், கூழில் பெரும்பாலும் மச்சம் இருக்கும். வெள்ளிக்கிழமை விழா என்றால் வளவு முழுக்கச் சைவமாகவே இருக்கலாம்.

பாடி முடித்தவர்களும் அங்கேதான் வருவார்கள். கூச்சப்படாமல் போய்க் கதையுங்கள். "நல்லா இருந்தது" என்பதோடு நிற்காமல், எந்த வரி பிடித்தது என்று சொல்லுங்கள். அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நுழைவு இலவசம் என்றால் உண்டியல் ஒன்று எங்கேயாவது வைத்திருப்பார்கள். ஒரு கொத்துரொட்டிக்குக் கொடுக்கிற காசையாவது போடுங்கள். ஒலிக்கருவி வாடகை, மின்சாரம் போனால் ஓட ஜெனரேற்றர், வெளியூர்க் கலைஞருக்குப் பஸ் காசு எல்லாம் நடத்துகிறவர்களின் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது.

திரும்பும் வழி

இதைப் போகும்போதே முடிவுசெய்யவேண்டும். ஊர்ப்பக்கத்துப் பஸ்கள் பொழுதுபட்டவுடன் குறைந்துவிடும், பத்து மணிக்கு எதுவும் இருக்காது. பிக்மீ செயலியில் ஓட்டோ நகருக்குள் கிடைக்கும். ஊருக்குள் போனால் சந்தேகம். கொண்டுவந்து விட்ட ஓட்டோ அண்ணையிடமே திரும்பும் நேரத்தையும் காசையும் பேசி, தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். பெண் பிள்ளைகள் தனியாகப் போகவிடாமல், யார் யாரோடு போவது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் குழுவில் ஒரு செய்தி போடச் சொல்லுங்கள்.

ஆனால் கடைசிப் பாட்டு முடிந்த உடனே ஓட்டோவுக்கு ஓடவேண்டாம், கால் மணித்தியாலம் பிந்தி வரச் சொல்லியிருங்கள். வளவில் பாய்களும் கதிரைகளும் கிடக்கும். பாயை உதறி, நீளப்பக்கத்திலிருந்து சுருட்டிக் கட்டுங்கள். கச்சான் கோது, பிளாஸ்டிக் கோப்பை எல்லாவற்றையும் ஒரு பையில் சேருங்கள். ஓலைப் பிளாவைத் தனியாக வையுங்கள், வீட்டுக்காரர் மரத்தடியில் போடுவார். பிளாஸ்டிக் கதிரைகளைப் பத்துப் பத்தாக அடுக்குங்கள். அதற்கு மேல் போனால் ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிடும். காலையில் வாடகைக் கடைக்காரர் வந்து எண்ணும்போது இழுத்துப் பிரிக்கவேண்டிவரும். எண்ணிக்கையை ஒரு துண்டில் எழுதி மேல் கதிரையில் செருகிவிட்டு வாருங்கள்.